தெரியாது என்று சொன்ன பாஷை

அந்தப் பெண்ணும் அவள் அம்மாவும் என் அறைக்குள் வந்து நின்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்களே, அந்தப் பாஷை எனக்குத் தெரியும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்குச் சொல்லாமல் விட்டதால் நடந்தவைதான் மற்றதெல்லாம்.

அறுபத்தைந்தாம் ஆண்டு ஜூன் மாதம். கந்தர்வக்கோட்டைக்குப் பக்கத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் நான் தலைமை ஆசிரியர். புதுக்கோட்டை தனி மாவட்டம் ஆகாத காலம். சுற்றிலும் முந்திரித் தோப்பு. பெரிய வகுப்புகள் ஓட்டுக் கட்டடத்தில் நடக்கும். ஐந்தாம் வகுப்பு வரைக்கும் கீற்றுக் கொட்டகைதான். பர்மாவில் கடைகளையும் தொழில்களையும் அரசாங்கம் எடுத்துக்கொண்டுவிட, தலைமுறையாக அங்கே இருந்த தமிழர்கள் கப்பல் கப்பலாகத் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். எங்கள் பக்கத்துக்கும் சில குடும்பங்கள் வந்தன. இந்த அம்மாளின் பாட்டனார் இந்தப் பகுதிக்காரர். அவளோ ரங்கூனில் பிறந்து, அங்கேயே கல்யாணமாகி, முப்பத்தைந்து வயதில் முதல்முறையாகச் சொந்த ஊரைப் பார்க்கிறாள். கணவர் லாரியில் மூட்டை ஏற்றப் போனார். அவள் முந்திரிக்கொட்டை உடைக்கும் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். கொட்டை எண்ணெய் பட்டு அதற்குள்ளேயே அவள் விரல்கள் கறுத்திருந்தன.

"எந்த வகுப்பில் சேர்க்கணும்?" என்றேன்.

"எட்டாவதுல சார். ரங்கூன்ல எட்டாவது பாதி வரைக்கும் படிச்சிருச்சு."

"சர்டிபிகேட் இருக்கா?"

"கப்பல் ஏர்றப்ப காதுல கெடந்த தோட்டையே கழட்டி வாங்கிட்டாங்க சார். காயிதத்தையா விட்டு வைப்பாங்க?"

பெண்ணுக்குப் பதினான்கு வயது. எட்டாவது பரீட்சை எழுதித் தேறினால் நர்ஸ் பயிற்சிக்கு எடுப்பார்கள் என்று, கப்பலில் வந்தவர்களைத் தங்கவைத்த முகாமில் யாரோ சொல்லியிருந்தார்கள். அதற்காகத்தான் அவளை அழைத்து வந்திருந்தாள் அம்மா. இந்த வருஷம் எட்டாவதில் உட்கார்ந்தால் அடுத்த கோடையில் ஒரு வழி பிறக்கும். இல்லையென்றால் முந்திரிக் கொட்டகை. அதை அவள் மறைக்காமல் சொன்னாள்.

நான் எட்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடப் புத்தகத்தை எடுத்து ஒரு பத்தியை வாசித்து எழுதச் சொன்னேன். பெண் எழுதினாள். வேகமாகத்தான் எழுதினாள். ஆனால் ஏழு வயதுப் பிள்ளை எழுதும் தமிழாக இருந்தது அது.

"தமிழு வீட்ல பேசுனதோட சரி சார்," என்றாள் அம்மா. "கணக்கு குடுத்துப் பாருங்க. இங்கிலீஷ் குடுத்துப் பாருங்க. இந்துஸ்தானி பேசும். பர்மா பாஷையில ஒரு கட்டுரை எழுதச் சொல்லுங்க, பக்கம் பக்கமா எழுதும்."

"பர்மா பாஷையில் எழுதினால் திருத்துவதற்கு இங்கே யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டேன்.

அந்த அம்மாள் முகத்தில் சிரிப்பு மாறாமல் மகளிடம் திரும்பி பர்மிய மொழியில் சொன்னாள்: "மூஞ்சியப் பாரு. நாப்பிப் பானையத் தொறந்து பாத்துட்டு உள்ள ஒண்ணுமில்லன்னு நிக்கிறவன் மாதிரி."

நாப்பி என்பது பர்மாக்காரர்கள் எதற்கும் தொட்டுக்கொள்ளும் மீன் விழுது. நாற்றம் தெரு முனை வரைக்கும் வரும். நாற்றமும் மிச்சம், பானையும் காலி. இருபத்து மூன்று வருஷமாக நான் கேட்காத மாதிரிப் பேச்சு. சிரிப்பு தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. இருமலாக்கிக்கொண்டு மேஜை மேல் இருந்த தண்ணீரைக் குடித்தேன். டம்ளருக்கு மேலாகப் பார்த்தபோது அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பார்வைதான் என்னை அவசரப்படுத்தியது. "ஐந்தாம் வகுப்பில் சேர்த்துக்கொள்கிறேன்," என்றேன்.

"அஞ்சாவதா? எட்டாவது எழுதறப்ப இதுக்குப் பதினேழு ஆயிருமே சார். அதுவரைக்கும் எவன் விடுவான்? இவ அப்பாவே விட மாட்டாரு."

"தமிழ் தேறட்டும், பிறகு பார்க்கலாம்."

கணக்கு கொடுக்கவில்லை. ஆங்கிலம் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் அவளை எட்டாவதில் போட வேண்டியிருக்கும். எட்டாவதுக்குப் பாடம் எடுப்பவன் நான், தினமும் என் வகுப்பில் என் முகத்துக்கு நேரே உட்கார்ந்திருப்பாள். அதற்குத்தான் பயந்தேன்.

பயத்துக்குக் காரணம் சொல்ல வேண்டும். நான் ரங்கூனில் பிறந்தவன். அம்மாவின் பூர்வீகம் கொடும்பாளூர்ப் பக்கம், ஆனால் அவளும் ரங்கூனில் பிறந்தவள். அங்கே மார்க்கெட்டில் காய்கறி விற்றாள். விலை பேசுவதில் பர்மியப் பெண்களையே வாயடைக்கச் செய்வாள். அந்தப் பாஷை எனக்கு அவளிடமிருந்துதான் வந்தது. நாற்பத்திரண்டில் ஜப்பான் குண்டு விழுந்தபோது அப்பா கடையைப் பார்த்துக்கொள்ளத் தங்கிவிட்டார், பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. நானும் அம்மாவும் அக்கம்பக்கத்தாரோடு மலை வழியாக நடந்தோம். பாதி வழியில் காய்ச்சலில் அம்மா போய்விட்டாள். பன்னிரண்டு வயதில் தனியாக வந்து பெரியப்பா வீட்டில் இறங்கினேன். அம்மாவை இங்கே யாரும் பார்த்ததில்லை.

அந்த நாட்களில் பர்மாவிலிருந்து வந்த பையனைப் பார்த்தால் ஊர் கேட்கும் முதல் கேள்வி, "அம்மா நம்ம ஊருப் பொம்பளையா, அந்த ஊருப் பொம்பளையா?" என்பதுதான். அங்கே போன ஆண்கள் பர்மியப் பெண்களோடு குடும்பம் நடத்தியது எல்லாருக்கும் தெரியும். பெரியப்பா என்னைக் கொல்லைப்புறம் அழைத்துப் போய்ச் சொன்னார்: "அந்தப் பாஷை ஒன் வாயிலேர்ந்து ஒத்தை வார்த்தை வரக்கூடாதுடா. வந்துச்சு, ஒங்கம்மா பர்மாக்காரின்னு முடிச்சுருவானுக. நாளைக்கு ஒனக்கு எவனும் பொண்ணு குடுக்க மாட்டான்." யார் கேட்டாலும், நாங்கள் இருந்தது தமிழர் தெரு, பர்மியர் நிழல்கூடப் பட்டதில்லை என்று சொல்லப் பழகினேன்.

என்னை மூன்றாம் வகுப்பில் போட்டார்கள். கூடப் படித்தவர்கள் என் தோளுக்குக் கீழே இருந்தார்கள். வெறியோடு தமிழ் படித்தேன். நாற்பத்தெட்டில் பள்ளிப் பேச்சுப் போட்டியில் முதல் பரிசு வாங்கியபோது பெரியப்பா ஊரெல்லாம் மிட்டாய் கொடுத்தார். அன்றோடு பர்மாக்காரன் என்று கூப்பிடுவது நின்றது. காலேஜ், ஆசிரியர் பயிற்சி, வேலை. கீரமங்கலத்தில் பெண் பார்க்கப் போனபோது அவர்களும் அதே கேள்வியைக் கேட்டார்கள். பெரியப்பா சாமி மேல் சத்தியம் செய்தார். அது உண்மையான சத்தியம்தான். அம்மா தமிழச்சிதான். உண்மையைக் காப்பாற்றுவதற்காக நான் இன்னொன்றை மறைத்தேன், அவ்வளவுதான். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்தப் பெண் ஐந்தாம் வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். பிள்ளைகள் அவளுக்குப் 'பர்மாக்கா' என்று பெயர் வைத்தார்கள்.

"பர்மாக்கா, ஒங்க ஊர்ல நாயத் திம்பாங்களாமே?" என்று ஒருவன் கேட்டது என் காதில் விழுந்தது.

"ஆமாடா. ஒன்னைய மாதிரி கொழுத்த நாயா இருந்தா."

அவள் வாய்க்கு அவர்கள் பயந்தார்கள், பிறகு அவளிடமே கணக்குப் போடக் கற்றுக்கொள்ளப் போனார்கள். நான் தூரத்தில் நின்று பார்ப்பேன். அவளும் என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

ஒருநாள் மைதானத்தில் என்னைக் கடந்து போகும்போது, தனக்குத்தானே பேசுவதுபோல, பர்மிய மொழியில் "சட்டைப் பொத்தான மாத்திப் போட்ருக்காரு" என்றாள். என் கை மார்பு வரைக்கும் போய் நின்றது. பொத்தான் சரியாகத்தான் இருந்தது. கையைச் சட்டைப் பைக்குக் கொண்டுபோய்ப் பேனாவை எடுத்தேன். அவள் நிற்காமல் போய்விட்டாள். இன்னொரு நாள், "பின்னால மாடு வருது" என்றாள். அன்றைக்கு நான் திரும்பவில்லை. அதற்குப் பிறகு அவள் வாயைத் திறந்தாலே என் முதுகு விறைத்துக்கொள்ளும். பதினான்கு வயதுப் பெண்ணுக்குப் பயந்து, அவள் வருகிற பக்கம் போகாமல் பள்ளியைச் சுற்றிக்கொண்டு நடக்கும் தலைமை ஆசிரியனாக இருந்தேன்.

ஐப்பசி மழையில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியர் காய்ச்சலில் படுத்தார். நானே வகுப்பெடுக்கப் போனேன். கீற்று ஒழுகி, தரை ஈரமாக இருந்தது. செருப்பை வாசலில் விட்டுவிட்டு, கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்று பாடம் சொல்லிக்கொண்டிருந்தேன். திடீரென்று கடைசி வரிசையிலிருந்து அவள் குரல், பர்மிய மொழியில்:

"தேள்! காலுகிட்ட, தேள்!"

என் கண் கீழே போயிற்று. ஒரு நொடிதான். பாதிப் பார்வையிலேயே, இதுவும் அவள் வைக்கிற பரீட்சை என்று தோன்றியது. கண்ணை மேலே எடுத்தேன். காலை நகர்த்தவில்லை. நகர்த்தாமல் இருக்கத் தரையில் அழுத்திக்கொண்டேன் என்றுகூடச் சொல்லலாம். வாசித்துக்கொண்டிருந்த வரியை மறுபடியும் வாசித்தேன்.

தேள் நிஜம். இடது காலில் கொட்டியது.

அலறிக்கொண்டு உட்கார்ந்தேன். பிள்ளைகள் தேளைப் பலகையால் அடித்துக் கொன்றார்கள். பர்மாக்கா எழுந்து நின்று அழுதுகொண்டிருந்தாள். "சொன்னேனே சார்," என்றாள் தமிழில். "பயத்துல அதுதான் வாயில வந்துச்சு. சொன்னேனே." அவள் என்ன சொன்னாள் என்று யாருக்கும் தெரியாததால் யாரும் அதைக் கவனிக்கவில்லை. அவளும் நானும்தான் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

தொடை வரைக்கும் வலி ஏறி, வீட்டில் கிடந்தேன். இரண்டாம் நாள் காலையில் அவள் அம்மா வந்தாள். கூடத்தில் பெரியப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எங்களோடுதான் இருந்தார் அவர். என் மனைவி அந்த அம்மாளை உட்காரச் சொல்லி மோர் கொடுத்தாள்.

"இப்ப எப்புடி இருக்கீங்க சார்?"

"பரவாயில்லை."

"எம் மகளு ஒண்ணு சொல்லுச்சு. தேளுன்னு அது கத்துனப்ப நீங்க மொதல்ல கீழ பாத்தீங்களாம். அப்புறந்தான் பாக்காத மாதிரி நின்னீங்களாம்."

பெரியப்பா முன்னால் குனிந்தார். "என்னம்மா சொல்ற?"

"சாரு ரங்கூன்ல பொறந்தவருன்னு இப்பத்தான் ஊருக்குள்ள சொன்னாங்கய்யா. அதான் கேக்குறேன்."

"பொறந்தான். அதுக்கு? தமிழ்த் தெருவுல பொறந்தான், பச்சப்புள்ளையா வந்தான். பர்மா பாஷைக்கும் இவனுக்கும் என்ன இருக்கு?"

"பன்னெண்டு வயசு பச்சப்புள்ளையாங்கய்யா?"

"நீ என்ன, தாசில்தாரா விசாரிக்க வந்துருக்க?" பெரியப்பாவின் குரல் உயர்ந்தது.

அவள் என்னைப் பார்த்தாள். "சார், நீங்க சொல்லுங்க."

மனைவி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் காலைப் பிடித்துக்கொண்டு, "எறும்பு கடிப்பதுபோல் இருந்தது, அதனால் கீழே பார்த்தேன். அவள் என்ன பாஷையில் என்ன சொன்னாளோ, எனக்கென்ன தெரியும்?" என்றேன்.

அந்த அம்மாள் மோரைக் குடித்து முடித்தாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, உடம்பைப் பற்றி விசாரிப்பவள்போல முகத்தை வைத்துக்கொண்டு, பர்மிய மொழியில் மெதுவாகப் பேசினாள். கேலி இல்லை. பெரியவர்களிடம் பேசும் மரியாதைச் சொற்களோடு பேசினாள். அவள் சொன்னது இது:

"நீங்கள் ஏன் மறைக்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. யாரிடமும் சொல்லமாட்டேன், என் மகளும் சொல்லமாட்டாள். அவளை எட்டாவது எழுத விடுங்கள். அது போதும். சரி என்றால் வாய் திறக்க வேண்டாம், தலையை மட்டும் அசையுங்கள்."

அசைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. கால் வலியில் அசைந்தது என்று பெரியப்பா நினைத்திருப்பார். அப்படி ஒரு வழியை அவள் யோசித்துக்கொண்டு வந்திருந்தாள். நான் கழுத்தை விறைத்துக்கொண்டு சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். அவள் காத்திருந்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. எனக்கு நீளமாக இருந்தது, அவளுக்கு அதைவிட நீளமாக இருந்திருக்கும்.

"என்னடா இது, மந்திரமா போடுது இந்தப் பொம்பளை?" என்றார் பெரியப்பா.

"ஒண்ணுமில்லைங்கய்யா. சீக்கிரம் சொகமாகணும்னு சொன்னேன்," என்று தமிழில் சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

மனைவி டம்ளரை எடுக்க வந்தாள். "ஏங்க, கடைசியில என்னமோ கெஞ்சுன மாதிரில்ல இருந்துச்சு?"

"யாருக்குத் தெரியும்," என்றேன்.

மறுநாளிலிருந்து அந்தப் பெண் பள்ளிக்கு வரவில்லை. கொட்டகையில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கொட்டை உடைக்கிறாள் என்று பிள்ளைகள் சொன்னார்கள்.

கொட்டகை முதலாளி எங்கள் பள்ளிக் கமிட்டியில் ஒருவர். கார்த்திகையில் ஒரு கூட்டத்துக்கு வந்தவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஹெட்மாஸ்டர், நீங்க அஞ்சாப்புல ஒக்கார வச்சிருந்தீங்களே ஒரு புள்ளை, நேத்து பம்பாய்க்காரன்கிட்ட இந்துஸ்தானியில பேசி எனக்கு வெலைய ஏத்திக் குடுத்துருச்சுய்யா! போர்டுல இருந்த இந்தி எழுத்தையெல்லாம் தாரு பூசி அழிச்ச ஊரு இது. அந்த இந்திதான் நேத்து எனக்குச் சோறு போட்டுச்சு. இங்கிலீஷ்ல வர்ற தந்தியையும் அதுதான் படிச்சுச் சொல்லுது."

"அதற்குத் தனியாகக் கூலி கொடுக்கிறீர்களா?"

"எதுக்கு? மத்தப் பொம்பளைகளுக்கு என்னவோ அதுதான் அதுக்கும். பேசுறதுக்கெல்லாமா கூலி?"

எனக்குக் கோபம் வந்தது. கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை என்று அப்போதே தெரிந்ததால் வாயை மூடிக்கொண்டேன். அவருக்காவது அவளிடம் என்ன இருக்கிறது என்று கண்ணில் பட்டது.

பெரியப்பா மார்கழியில் இறந்தார். எட்டாம் வகுப்புப் பரீட்சைக்குப் பெயர் அனுப்பும் கடைசி நாள் தை மாதத்தில் வந்தது. நடுவில் பல வாரங்கள் இருந்தன. நான் அவளைத் தேடிப் போகவில்லை. ஆகவே பெரியப்பாமேல் பழியைப் போட எனக்கு உரிமை இல்லை. எனக்கு அந்தப் பாஷை தெரியும் என்பது என் மனைவிக்கும் ஒரு பொருட்டாகவே இருந்திருக்காது. பிற்காலத்தில் இலங்கையிலிருந்தும் பர்மாவிலிருந்தும் வந்த பிள்ளைகளை முதலில் கணக்கிலும், அவர்களுக்குக் கைவந்த பாஷையிலும் சோதித்துத்தான் வகுப்பு முடிவு செய்தேன். திருத்துவதற்கு அவர்களோடு வந்தவர்களிலேயே படித்தவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, கமிட்டியோடு சண்டை போட்டு அதற்குச் சம்பளமும் வாங்கிக் கொடுத்தேன். ஊர் என்னைத் தாராள மனசுக்காரன் என்றது. அந்தப் பேரை வாங்கிக்கொள்ளும் ஒவ்வொரு தடவையும் கூசியது.

அந்த வருஷம் மாசியில் ஒருநாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். வறுத்த கொட்டையின் புகை கண்ணை எரித்தது. பெண்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து கட்டையால் தட்டிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் சத்தம் குறைந்தது. அவள் கையில் சாம்பலைத் தேய்த்துக்கொண்டே வெளியே வந்தாள். விரல்கள் அவள் அம்மாவின் விரல்களைப் போலவே ஆகியிருந்தன. அம்மா உள்ளேயே இருந்தாள், எழுந்து வரவில்லை.

"ஜூனில் வா. எட்டாவதில் சேர்த்துக்கொள்கிறேன்," என்றேன்.

"ஜூன்ல நாங்க இங்க இருக்க மாட்டோம் சார். மதராஸ் பக்கம் பர்மாக்காரங்களுக்கு எடம் குடுக்குறாங்களாம். அப்பா பதிஞ்சிட்டாரு."

"அங்கே படிப்பாயா?"

"அங்க போயிப் பாக்கணும் சார்."

போக வேண்டியதுதான். சொல்ல வந்ததைச் சொல்லாமல் திரும்பிவிடுவேன் என்று எனக்கே தெரிந்தது. அவள் உள்ளே போகத் திரும்பியபோது பர்மிய மொழியில் சொன்னேன். உன் அம்மா அன்றைக்கு என் வீட்டில் சொன்னது எல்லாம் எனக்குப் புரிந்தது, தேள் என்று நீ சொன்னதும் புரிந்தது, முதல்நாள் பேசியதும் புரிந்தது என்று சொன்னேன். சொற்கள் ஒவ்வொன்றாகத்தான் வந்தன. நாக்கு இடறியது.

அவள் அசையாமல் கேட்டாள். பிறகு, அடக்க முடியாமல், சிரித்துவிட்டாள்.

"சார், சின்னப் புள்ளை மாதிரில்ல பேசுறீங்க!"

உண்மைதான். அந்தப் பாஷையில் எனக்கு இன்னும் பன்னிரண்டு வயதுதான். அதற்குமேல் நான் அதை வளரவிடவில்லை. அவள் சிரிப்பு சீக்கிரமே அடங்கியது. "அப்ப என்னைய ஏன் சார் அஞ்சாவதுல போட்டீங்க?" என்று கேட்டாள். இதைத் தமிழில்தான் கேட்டாள்.

உள்ளே இருந்து ஒரு பெண் குரல் கொடுத்தாள். "ஏய், வாத்தியாரு இங்கிட்டு வந்து என்னடி பாஷை பேசுறாரு? ஒங்க பாஷை மாதிரில்ல இருக்கு!"

கட்டைகள் எல்லாம் நின்றன. அவள் அம்மா தலையைத் தூக்கினாள். பர்மாக்கா என்னை ஒருமுறை பார்த்தாள். நான் சைக்கிள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இங்கிலீஷுதான்க்கா," என்றாள் அவள். "நான் மறந்துட்டேனான்னு கேட்டுப் பாக்குறாரு."

சொல்லிவிட்டு உள்ளே போய் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கட்டையை எடுத்தாள். உள்ளே எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இல்லை, அது இங்கிலீஷ் இல்லை என்று சொல்ல எனக்கு நேரம் இருந்தது. நான் சைக்கிளில் ஏறினேன்.